சொட்டம்மாவின் பெட்டி

அந்த அம்மாவுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சொட்டம்மா என்றுதான் சொல்வோம். ஆண்கள் கேலியாக ஆரம்பித்தார்கள். பிறகு பஸ் கண்டக்டர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

எதையும் சொட்டுச் சொட்டாகப் பிரித்து வைப்பவர் அவர். ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கினால் அன்றைக்கே அதை முப்பது சின்னக் குப்பிகளில் ஊற்றி, ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி ஒட்டிவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு குப்பி. அதில் மிச்சம் நின்றால் விளக்குக்குப் போகுமே தவிர மறுநாள் சட்டிக்குப் போகாது. உப்பும் சர்க்கரையும் டீத்தூளும் பொட்டலம் பொட்டலமாக இருக்கும். ஊறுகாய் மட்டும் நாற்பது டப்பாவில் இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, ஊறுகாய் பாட்டில்லயே இருந்தா என்னங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"திறந்து திறந்து மூடினாக் கெட்டுப்போகும்க்கா. ஒருக்காத் திறக்கோணும். திறந்ததை அன்னிக்கே தீத்துப்போடோணும்."

அடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். அதனால் பேச்சு எங்களுக்கு அந்நியமாக இல்லை. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அரியூர் நாட்டில் எங்கள் ஊரில் மிளகு அடுக்கி வைக்கிற பழைய குடோன் ஒன்று உண்டு. அதை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு ஃப்ரீசரை நிறுத்தி ஆராய்ச்சி செய்தார். நான் அங்கே கண்ணாடிக் குப்பிகள் கழுவினேன். ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் ஒரு குப்பியை ஏழு தடவை அலசு என்றால் ஏழு தடவை அலசுவேன். அவருக்கு அது போதும்.

பொருளை மட்டும் அவர் பிரிக்கவில்லை, பேச்சையும் பிரித்துத்தான் வைத்திருந்தார். ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். காதில் விழாவிட்டால் போனது போனதுதான். எனக்கோ மறுபடி கேட்கக் கூச்சம், அவருக்கோ மறுபடி சொல்ல மனசில்லை. நாலு வருடம் அப்படியே நன்றாகப் போயிற்று.

கோபமும் அளவுதான். ஒரு நாள் கை தவறி ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டேன். அவர் வந்து பார்த்தார். "இன்னிக்குக் கோபம் முடிஞ்சு போச்சுக்கா. காலைல ஆடு வந்து லேபிளைத் தின்னுச்சே, அதுக்கே தீத்துட்டேன். பெருக்கித் தள்ளுங்க" என்றார்.

ஒரு வருடம் ஆனி மாதத்தில் எங்கள் மரத்துப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுளை சுளையாக எடுத்து, எண்ணி, தனித்தனிக் கவரில் போட்டு, வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் பிடிக்கிற இடத்தில் அடுக்கினார். ஆராய்ச்சி ஃப்ரீசரில் தின்கிற பொருள் வைக்க மாட்டார். நாளுக்கு ஒன்று தின்றார். மார்கழியில் ஒரு நாள் என்னிடம் ஒரு கவரை நீட்டினார். அதில் ஆனி மாதத் தேதி இருந்தது. நானே கொடுத்த பழம். வாயில் போட்டால் ஐஸில் வைத்த கட்டை மாதிரி இருந்தது. நன்றாயிருக்கிறது என்று சொன்னேன். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனாலும் தினம் தின்றார்.

எங்கள் ஊரில் அவர் வாயடைத்து நின்றது ஒரே ஒரு இடத்தில்தான். மாரியாயி நோம்பித் திருவிழாவில் கிடா வெட்டி, ஊர்ப் பொதுவில் கறியைக் கூறு போடுவார்கள். பூசாரிதான் போடுவார். தராசு கிடையாது. வாழை இலைகளை வரிசையாகப் போட்டு, வீட்டுக்கு ஒரு கூறு என்று, ஈரலில் ஒரு துண்டு எலும்பில் ஒரு துண்டு விடாமல் பிரிப்பார். சொட்டம்மா ஒரு மணி நேரம் கை கட்டிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணா, எப்படிங்க அளவு தப்பவே மாட்டேங்குது?"

"என் கை தப்புனா, வாங்கறவன் கை தப்பாதுங்க அம்மிணி. முதுகுலயே வுழும்" என்றார் பூசாரி.

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு மரியாதை. ஒரே தொழில்காரர்கள் மாதிரி.

அவர் என்ன ஆராய்ச்சி செய்தார் என்று எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். புரிந்ததைச் சொல்கிறேன். நம் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு அறையிலும் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. அதில் எல்லாப் பாடமும் உண்டு. எந்த நேரத்தில் எந்தப் பாடத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று சொல்ல ஒரு சட்டாம்பிள்ளை வேண்டும். அந்தச் சட்டாம்பிள்ளை ஒரு புரதம். அப்படிப் பல பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்தன், வீக்கத்துப் பாடத்தை எடுத்து எழுதச் சொல்கிறவன். அவன் சொன்னால் மூட்டு வீங்கும். எங்கள் மலையில் மூட்டு வீக்கத்துக்கு ஒரு வேரை அரைத்துப் போடுவோம். அந்த வேர் அவன் வாயை அடைக்கிறதா என்று பார்ப்பதுதான் சொட்டம்மாவின் வேலை.

அதற்கு அந்தச் சட்டாம்பிள்ளை வேண்டும். வெளிநாட்டில் செய்து, கடுங்குளிரில் உறைய வைத்து அனுப்புகிறார்கள். ஒரு தடவை உருகினால் உடனே பிரித்துவிட வேண்டும். உருகி உறைந்து, உருகி உறைந்து என்று போனால் அவன் செத்தவனுக்குச் சமம். இந்த வேலைதான் அவரை அப்படி ஆக்கிற்றா, அவர் அப்படி இருந்ததால்தான் இந்த வேலைக்கு வந்தாரா என்று எனக்குத் தெரியாது.

எட்டு மாதம் காத்திருந்தார். இந்தத் தடவை பரிசோதனை நடக்காவிட்டால் குடோனைக் காலி செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பெட்டி நோம்பிக்கு முன்னால் வர வேண்டியது. வழியில் எங்கோ நாலு நாள் நின்றுவிட்டது. அதற்குள் ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள்.

காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடிகிற வரைக்கும் வெளியாள் யாரும் எல்லை தாண்டி உள்ளே வரக் கூடாது. ஊருக்குள் பிணம் கிடந்தால் நோம்பியே நின்றுபோகும். ஒரு பெட்டி வருவதற்கு அதில் ஒன்றும் தடை இல்லை. சர்க்கரை மூட்டைகூட வந்தது. தடையை உண்டாக்கினவள் நான்.

காப்புக் கட்டின மறுநாள் காலையில் குழாயடியில் பெண்கள் கேட்டார்கள்.

"சொட்டம்மாளுக்கு என்னமோ பெட்டி வருதாமா?"

"ஆமாங்க."

"என்ன பெட்டி? கோழிக்கா, மாட்டுக்கா?"

"மனுசனோடது" என்றேன்.

சும்மா மருந்து என்று சொல்லியிருக்கலாம். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டவுடன் தெரிந்ததைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. நான் குடத்தைத் தூக்கி வீட்டுக்கு வருவதற்குள் செய்தி ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டர் காதுக்குப் போய்விட்டது.

மதியம் வேன் வந்தது. ஊர் எல்லையில் ஒரு பலாமரம். அங்கே ரோட்டுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். நாமக்கல்லிலிருந்து வந்த டிரைவர் தோரணத்துக்கு அந்தப் பக்கம் வேனை நிறுத்தி, தெர்மாகோல் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தார். மூடி இடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. பெட்டியில் குளிர் எவ்வளவு என்று காட்டுகிற சின்ன மீட்டர் இருந்தது. சொட்டம்மா இந்தப் பக்கம் நின்று கேட்டார். "எவ்வளவுங்க காட்டுது?"

"மைனஸ் எழுபத்தி ரெண்டுங்க. ஏனுங்க, இது புகையுதுங்க. நான் பீடிகூடப் பத்த வெக்கலீங்க."

"அது ஐஸ் புகைங்க. அறுபதுக்கு வந்தா எனக்குச் சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள உள்ள கொண்டுபோகோணும்."

ஊர்க்கவுண்டர் வந்தார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். முறைக்கு மூத்தவர். அவர் எதிரில் நான் வாய் திறந்து பேசியதே கிடையாது. பின்னாலேயே பூசாரி வந்தார், பிறகு பாதி ஊர் வந்தது.

"ஏம்மா, இதுல இருக்கறது மனுசனோடதா?" என்றார் கவுண்டர்.

"ஆமாங்க" என்றார் சொட்டம்மா.

"உசுரோட வருதா, செத்து வருதா?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்படி ஒரு ஆளை நான் பாத்ததில்லையே."

"எங்க மாமனாரு இருக்காருங்க" என்றார் பூசாரி.

கவுண்டர் சிரிக்கவில்லை. "செத்ததுன்னா பொணம். உள்ள வுட்டா நோம்பி நிக்கும். உசுருன்னா வெளியாளு. நோம்பி முடிஞ்சு, மூணு நாள் கழிச்சு வரட்டும். ரெண்டும் இல்லீன்னா நான் எந்தக் கணக்குல வுடறது?"

"மூணு நாள் தாங்காதுங்க. இன்னிக்குச் சாயந்திரமே தாங்காது."

"எழுபதுங்க" என்று டிரைவர் குரல் கொடுத்தார்.

பூசாரிக்கு அவர்மேல் பிரியம். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அம்மிணி, மாட்டுக்குத் தடுப்பூசின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க காதுல வாங்கிக்கிட்டுப் போயிர்றோம்."

"மனுசனோடதுன்னு சொல்லிட்டனுங்களே அண்ணா."

"மறுபடி மாத்திச் சொல்லுங்க."

"ஒருக்காச் சொன்னது சொன்னதுங்க. திறந்தாச்சு" என்றார். அவ்வளவுதான். எட்டு மாதக் காத்திருப்பு அந்தப் பக்கம் புகைந்துகொண்டிருக்கிறது, அவர் நாக்கு ஒரு பொய்க்குப் புரளவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட என்மேல் வந்தது.

கவுண்டர் நியாயக்காரர். மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, "சரி, ஆரை வெட்டி இதை எடுத்தாங்க? அதைச் சொல்லு" என்றார்.

"ஆரையும் வெட்டலீங்க. நம்ம உடம்புப் புஸ்தகத்துல அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுத்துக்கு எழுத்துப் பாத்து எழுதி, ஒரு கிருமிக்குள்ள வெச்சுட்டாங்க. கிருமி அதைப் படிச்சு, இந்தப் புரதத்தைச் செஞ்சு குடுத்துச்சு. அதைப் பிரிச்சு எடுத்தது. இது எந்த மனுசன் உடம்புலயும் இருந்ததே இல்லீங்க."

"என்ன கிருமி?"

"குடல்ல இருக்கறதுங்க."

கூட்டத்தில் நாலு பேர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"அப்ப எழுத்து மனுசனோடது, பெத்தது கிருமி" என்றார் பூசாரி. "கவுண்டரே, கேள்வி இதுதானுங்க. இது எந்த ஊட்டுப் பிள்ளை?"

"அறுபத்தி ஏழுங்க" என்றார் டிரைவர்.

அந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் ஏற்கெனவே ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறது. அது என்னைப் பற்றியது. எங்கள் அம்மா இதே மலையில் இன்னொரு நாடான பைல் நாட்டில் வாழ்க்கைப்பட்டவர். அங்கே ஒத்துவரவில்லை. என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பிரிந்து வந்தார். இந்த ஊரில் இன்னொருவருக்கு முறைப்படி வாழ்க்கைப்பட்டார். நான் இங்கேதான் பிறந்தேன். பிள்ளை எங்களுடையது என்று பைல் நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்களாம். அப்போது ஊர்க்கவுண்டராக இருந்தவர் இவருடைய அப்பா. முதல் அழுகை எந்தக் கூரைக்குக் கீழே கேட்டதோ அந்த வீட்டுப் பிள்ளை என்று தீர்த்துவைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. பெரியவர்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்கள். என் மகனுக்குத் தெரியாது. அவன் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

பக்கத்தில் பூசாரியின் மனைவி நின்றாள். அவள் காதில், "உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க, என்னோட தீர்ப்பை ஞாபகப்படுத்தச் சொல்லி" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னாள்.

"இவ என்னமோ சொல்றாளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். நான் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"உங்கப்பா தீத்துவெச்சது இருக்குதுங்க. எழுத்து ஆரோடதா இருந்தாலும் பொறந்த ஊட்டுப் பிள்ளைன்னு."

கவுண்டர் முகம் சுருங்கிற்று. "அது வேற, இது வேற. அது உன்ற விசயம். அதை எதுக்கு இப்ப இழுக்கறே?"

"ஒன்னுதானுங்க."

"மனுசப் பிள்ளையும் இதுவும் ஒன்னா? உங்கப்பன் பைல் நாட்டான்னாலும் மனுசன்தானே?"

இப்படி எல்லார் முன்னாலும் அந்த வார்த்தை வந்துவிட்டது. என் மகன் தலை திரும்பியதை நான் பார்க்காமலே உணர்ந்தேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு பேச்சு தானாக வந்தது.

"அந்தத் தீர்ப்பு இதுக்கு ஆகாதுன்னா எனக்கும் ஆகாதுங்க. அப்ப நான் பைல் நாட்டு ஆளு. வெளியாளு. காப்புக் கட்டுன ஊருக்குள்ள நான் நிக்கக் கூடாது. நான் போயி அந்தப் பெட்டிகூட நிக்கறனுங்க."

சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். வீம்புக்கு இல்லை. கணக்கு அப்படித்தான் வந்தது. தோரணத்துக்கு இன்னும் பத்து அடி இருந்தது. டிரைவர் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார். "வாங்கம்மா, நிழல்ல நில்லுங்க" என்றார்.

"நில்லு" என்றார் கவுண்டர்.

நின்றேன்.

அப்பா சொன்ன தீர்ப்பை மகன் மாற்றினால் அப்பாவின் மற்றத் தீர்ப்புகளும் ஆடும். ஊரில் பாதி வரப்பு அவர் வைத்தது. கவுண்டர் அதையெல்லாம் யோசித்திருப்பார். வெகு நேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். "அறுபத்தி மூணுங்க" என்று டிரைவர் சொல்லும்போது அவர் குரலே பதறியது.

"இது கிருமி ஊட்டுப் பிள்ளை" என்றார் கவுண்டர். "மனுசன் இல்ல. வரட்டும்."

பின்னாலிருந்து ஒருவர், "காப்புக்கு அப்புறம் கிருமி மட்டும் வரலாமுங்களா?" என்று கேட்டார்.

"போன நோம்பிக்கு ஊரெல்லாம் சளி" என்றார் பூசாரி. "அது உன்னைக் கேட்டுட்டா வந்துச்சு?"

டிரைவர் எல்லை தாண்டக் கூடாது. அதனால் தோரணத்துக்குக் கீழே பெட்டியை நான்தான் கை மாற்றி வாங்கினேன். பூசாரி மஞ்சள் தண்ணீர் சொம்போடு ஓடிவந்தார். சொட்டம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"மேல ஊத்தாதீங்கண்ணா. மூடிமேல மட்டும், மூணு சொட்டு."

பூசாரி மூன்று சொட்டு விட்டார். அளவு தப்பவில்லை.

குடோனில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் என் மகன் கூடவே நடந்தான். பாதி தூரம் போனபிறகு கேட்டான்.

"அம்மா, அப்ப பைல் நாட்டுல எனக்கு மாமனுங்க இருப்பாங்களா?"

"இருப்பாங்க சாமி."

"என் காதுகுத்துக்கு ஒருத்தனும் வராம ஏமாத்திப்போட்டானுங்க" என்றான். அதற்குமேல் அவன் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பைல் நாட்டுக்கு ஒரு நடை போய்வந்தான் என்று மருமகள் பிறகு சொன்னாள்.

பரிசோதனை நடந்தது. நோம்பி முடிந்து பத்து நாள் சொட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார். வேர் ஒன்றும் செய்யவில்லை.

"சட்டாம்பிள்ளை வாயை உங்க வேரு அடைக்கலீங்கக்கா. அவன் பாட்டுக்குச் சொல்லிட்டேதான் இருக்கான்."

"அதை அரைச்சுப் போட்டா எனக்கு மூட்டு வலி கேக்குதுங்களே."

"அது வேற சட்டாம்பிள்ளையா இருக்கும். எத்தனையோ பேரு இருக்காங்க" என்றார். அவருக்கு வருத்தமாகத் தெரியவில்லை. இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று எழுதி அனுப்பினார். கவுண்டர் இதைக் கேட்டுவிட்டு, "அது கிருமி ஊட்டுப் பிள்ளை. மலை வேருக்கு எப்படி அடங்கும்?" என்றார். வேரின்மேல் அவருக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

மிளகு பறிக்கிற சமயத்தில் சொட்டம்மா ஊரைவிட்டுப் போனார். விடைபெறுவதையும் பிரித்துத்தான் செய்தார். ஒரு நாளைக்கு இரண்டு வீடு. எங்கள் வீடு எந்தத் தேதி என்று முன்னாலேயே சொல்லி அனுப்பினார்.

பெட்டி உள்ளே வந்த அன்று நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்வதா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் யோசனை.

அன்று குடோனுக்குள் போனதும் அவர் பெட்டியைத் திறந்தார். இவ்வளவு ரகளைக்கும் உள்ளே இருந்தது சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு குப்பி. அதன் அடியில் ஒரு மிளகு அளவுக்கு ஏதோ உறைந்திருந்தது. பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி. அதை ஐஸ்மேல் வைத்து உருகவிட்டு, பன்னிரண்டு குப்பிகளாகப் பிரித்து, உறைய வைத்தார். மூச்சுக்கூட அளந்துதான் விட்டார். முடிந்ததும் உட்கார்ந்து, பெட்டியோடு வந்த காகிதத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் மனிதன் என்று எழுதியிருந்தார். பக்கத்துக் கட்டத்தில் கிருமியில் வளர்ந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் எழுதுவீங்களா?" என்றேன். "கவுண்டர் ஒன்னுன்னுதானே தீத்தாரு?"

"அது எல்லை தாண்டறதுக்குங்க. இது நோட்டுக்கு. எழுத்து ஆரோடது, வளந்தது எங்க, ரெண்டும் இருக்கோணும்க்கா. ஒன்னை வுட்டுட்டா, நாளைக்கு எடுத்துப் பாக்கறவங்களுக்கு இது என்னன்னே தெரியாது."

எழுதி முடித்தார். பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"உங்களைப் பெத்த அப்பா பேரு என்னங்கக்கா?"

என் அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டார். ஃப்ரீசர் பெரிதாக இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே கேட்க வேண்டுமே என்று, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.